கடற்கரை ஊரை ஆறு வார்டுக்குப் பங்கு வைத்தால் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

துறைமுக்கு:
அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் ஏழு எம்.பி. தொகுதி. கறுப்பின மக்கள் சுமார் 27 சதவீதம். ஆனால் அவர்கள் கை ஓங்கிய தொகுதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இது வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, கடைசியில் கோர்ட் நியமித்த ஆளே வரைபடம் போட்டுக் கொடுத்தார். 2024 தேர்தல் அந்த வரைபடத்தில்தான் நடந்தது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடற்கரை ஊர்களுக்கு இதே பிரச்சினைதான். வார்டு மறுவரையறை வந்தால் ஒரு மீனவ ஊரைத் துண்டு துண்டாக்கி உள்நாட்டு வார்டுகளோடு சேர்த்துவிட்டால், எந்த வார்டிலும் ஜெயிக்க முடியாது. தலித் குடியிருப்புகளுக்கும் அதே கதை. இங்கே கோர்ட் வரைபடத்தை மாற்றி வரையச் சொல்லுமா? எதை வைத்து, எப்போது கேட்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசிதழ்வாசகன்:
அண்ணாச்சி, அலபாமாவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே வேட்பாளர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வாக்காளர் கூட்டத்தைச் சிதறவிடாமல் ஒரே தொகுதிக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு. இங்கே தலைகீழ். தொகுதியை எப்படி வெட்டினாலும் வேட்பாளர் பட்டியல் சாதிக்காரராக இருக்க வேண்டும் என்று இடத்தை ஒதுக்கிவிடுவார்கள், ஓட்டுப் போடுவது எல்லோரும். 1932 பூனா ஒப்பந்தத்தில் முடிவான வழி இது. அதனால் தனி வார்டு கிடைத்தாலும், அங்கே ஜெயிப்பவரைத் தீர்மானிப்பது அந்தச் சமூகத்தின் ஓட்டு என்று சொல்ல முடியாது.

மதம், தொழில் இரண்டுக்கும் தொகுதி ஒதுக்கீடு கிடையாது. 2011 கணக்கில் நம்ம மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. யாரும் பாதியைத் தொடவில்லை, பிறகு யாரைச் சிறுபான்மை என்பது? (1932-ல், நம்ம மாவட்டமும் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டம் சட்டசபையில் இந்த மாதிரிப் பங்கு கேட்டுத்தான். அரசியலமைப்பு வந்தபோது அந்தப் பாதை மூடிவிட்டது.) அலபாமா வழக்கின் வாக்குரிமைச் சட்டம்கூட இனம், நிறம், மொழிச் சிறுபான்மை பற்றித்தான் பேசுகிறது. மீனவ ஊர் என்று போய் நின்றால் அங்கேயும் கதவு திறக்காது.

சட்டமன்றத் தொகுதி விஷயத்தில் கணக்கு இன்னும் ஈவிரக்கமில்லாதது. 2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. அதை 234-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 2,66,691 பேர். நம்ம மாவட்டத்தில் 16,76,034 பேர், அதாவது 6.28 தொகுதி. ஏழு தொகுதி ஆறு தொகுதியானது இப்படித்தான். 2008-ல் திருவட்டார் தொகுதியே காணாமல் போனது. யாரும் சதி செய்யவில்லை, பின்னம்தான் செய்தது. தனித் தொகுதியும் அதே மாதிரி. பட்டியல் சாதியினர் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள பகுதிகளில் ஒதுக்க வேண்டும் என்கிறது 2002 மறுவரையறைச் சட்டம். நம்ம மாவட்டத்தில் அந்த விகிதம் சுமார் 4 சதவீதம், மாநிலத்தில் 20. ஆறில் ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மதுரைக்கிளை:
கோர்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். உள்ளாட்சியும் சட்டமன்றமும் இரண்டு வெவ்வேறு பூட்டு.

எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதிக்கு அரசியலமைப்பின் 329(அ) பிரிவு. மறுவரையறை ஆணையத்தின் உத்தரவைக் கேள்வி கேட்க முடியாது என்று 1966-ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024-ல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில் கதவை முழுவதும் சாத்தவில்லை; வெளிப்படையான தன்னிச்சை இருந்தால், அரசியலமைப்பு விழுமியங்களோடு ஒத்துப்போகாவிட்டால் பார்க்கலாம் என்றது. ஆனால் அதை நம்பி வக்கீல் ஃபீஸ் கட்டாதீர்கள்.

பஞ்சாயத்துக்கு 243-ஓ, நகராட்சி, பேரூராட்சிக்கு 243-இசட்ஜி. இங்கே நேரம்தான் எல்லாம். 2021 மார்ச்சில் கோவா நகராட்சிகள் வழக்கில், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்காத உத்தரவை ரத்து செய்தது சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, புதிதாக ஒதுக்கீடு செய்ய உத்தரவிட்டது. தேர்தல் அறிவிக்கைக்கு முன் போட்ட உத்தரவைக் கேள்வி கேட்கலாம் என்பது அதில் நமக்கு வேண்டிய பகுதி. அறிவிக்கை வந்த மறுநாள் மனுவோடு போனால் "தேர்தல் முடிந்து வா" என்பார்கள்.

இங்கேயே நடந்தது: 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டப் பிரிப்பில் சிக்கிய 9 மாவட்டங்களில் மறுவரையறையைச் செய்துவிட்டு வா என்று ஊரக உள்ளாட்சித் தேர்தலை நிறுத்திவைத்தது. பக்கத்துத் திருநெல்வேலி அதில் உண்டு, நாம் மிச்ச 27-ல். நமக்கு அந்த மாதமே 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு. திருநெல்வேலி 2021 அக்டோபர் வரை காத்திருந்தது. கவனித்தீர்களா, அப்போதும் கோர்ட் தானே வரையவில்லை, வரைந்து கொண்டுவா என்றுதான் சொன்னது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2016 அக்டோபர் 4-ல் ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தது. ஜெயித்தது வழக்கு. அதன்பின் மூன்று வருடம் ஊராட்சிகளில் தலைவரும் இல்லை உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். பேரூராட்சி, நகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை.

ஏவிஎம்_கரை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் வேலை நடக்கிற இடம் கோர்ட் அல்ல, வரைவு வார்டு பட்டியல். அது வெளியானதும் அறிவிப்பில் போட்ட கடைசித் தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை போக வேண்டும். பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம், பிறகு அரசிதழ். ஆட்சேபணை போடாதவர் ரிட் போட்டால் முதல் கேள்வியே "அப்போது எங்கே இருந்தீர்" என்பதுதான்.

மேற்குக் கடற்கரையில் வரைவைப் பார்க்கும்போது கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். கடலுக்கும் ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய்க்கும் நடுவே மணல்மேல் நெருக்கியடித்த வீடுகள், கால்வாய்க்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பும் தனித்தனி வீடுகளும். கோட்டைக் கால்வாயை ஒட்டிக் கடலுக்கு இணையாகப் போட்டால் ஊர் ஊராகவே இருக்கும். கடலில் இருந்து மேலே ரோடு வரை நீட்டுத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு வார்டிலும் கொஞ்சம் கரை, நிறைய உள்நாடு.

உதாரணக் கணக்கு: பேரூராட்சியில் 18,000 பேர், 18 வார்டு, வார்டுக்கு 1,000. கரையில் 2,400 பேர். இணையாக வரைந்தால் இரண்டு வார்டு முழுக்கக் கரை, மிச்சம் 400 பேர் மூன்றாவது வார்டில். நீட்டாக ஆறு துண்டு போட்டால் ஆறிலும் 400 பேர், அதாவது 40 சதவீதம். ஒன்றுகூடக் கையில் இல்லை. இரண்டு வரைபடத்திலும் மக்கள்தொகை சமம், அதனால் "கணக்கு சரியாக இருக்கிறதே" என்று அலுவலர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

ஆட்சேபணையில் "எங்கள் சமூகத்தைப் பிரித்துவிட்டார்கள்" என்று எழுதினால் ஃபைலில் கிடக்கும். கால்வாய், ஓடை, ரோடு என்ற இயற்கை எல்லையைத் தாண்டி வார்டு போகிறது, பாலம் இல்லாததால் அந்த வார்டுக்குள்ளேயே சுற்றிப் போக வேண்டும், ஒரே தெரு இரண்டு வார்டில் விழுகிறது, இன்ன வார்டில் சராசரியைவிட இவ்வளவு அதிகம் என்று எழுதுங்கள். கூடவே மாற்று வரைபடம்: கணக்கெடுப்பு பிளாக் (மக்கள்தொகை எடுக்கப் பிரித்த சிறு பகுதி) வாரியாக எந்த பிளாக் எந்த வார்டு, மாற்றியபின் ஒவ்வொரு வார்டின் மொத்தம். ஒரு வார்டில் இருந்து பிளாக்கை எடுத்தால் பக்கத்து வார்டில் என்ன ஆகிறது என்று காட்டாத மனுதான் பாதிக்கு மேல் தள்ளுபடி ஆகிறது.

பிளாக் வாரி எண்ணிக்கையும் வரைபடமும் உள்ளாட்சி அலுவலகத்தில் ஆர்டிஐ போட்டுக் கேட்கலாம். பதில் வர 30 நாள், ஆட்சேபணைக்கு அவ்வளவு நேரம் தரமாட்டார்கள், ஆகவே வரைவு வருமுன்பே போட்டு வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை வார்டு அளவில் கிடைக்கும். மத எண்ணிக்கை நகரம், தாலுகா அளவோடு நின்றுவிடும். வார்டு வாரி மதக் கணக்கை மனுவில் போட்டால் ஆதாரம் கேட்பார்கள், காட்ட ஒன்றும் இருக்காது.

நம்ம பக்கம் இன்னொரு தொல்லை, விளைக்குள் (தோப்பு நிலத்துக்குள்) இருக்கும் வீடுகளுக்குத் தெருப் பெயர் கிடையாது. வரைவில் வீட்டு எண் வரிசையைப் போட்டு எல்லை சொல்வார்கள். பழைய எண்ணா புதிய எண்ணா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

துறைமுக்கு:
நன்றி. தலித் குடியிருப்பு பற்றி ஒரு சந்தேகம். குடியிருப்பில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களையும் சேர்த்து விகிதம் காட்டலாமா?

அரசிதழ்வாசகன்:
முடியாது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்து, 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர். கிறிஸ்தவராக எழுதிக்கொண்டவர் கணக்கிலும் வரமாட்டார், தனி வார்டில் நிற்கவும் முடியாது. அவருக்கு இங்கே பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். நம்ம மாவட்டத்தின் 4 சதவீதத்தைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

எத்தனை தனி வார்டு என்பது மொத்த மக்கள்தொகை விகிதத்தில் வரும்: 18 வார்டு, 4 சதவீதம் என்றால் 0.72, முழுமையாக்கினால் ஒன்று. எந்த வார்டு என்பது விகிதம் அதிகமுள்ளதில் இருந்து இறங்குவரிசை. குடியிருப்பைப் பிளந்தாலும் எண்ணிக்கை குறையாது, ஆனால் 45 சதவீதம் இருக்க வேண்டிய வார்டு 20 சதவீத வார்டாகிவிடும். ஜெயித்தவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பது அங்கே மாறும். மனுவில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

ஏவிஎம்_கரை:
மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு.