பெடல் கயாக்: 20 நிமிசத்திலை பெடல் இறுகுது, உள்ளுக்குத் தண்ணியும் நிக்குது. ஆராவது உதவுங்கோ

மார்க்கம்_புதுசு:

வணக்கம் எல்லாருக்கும். மீன் பிடிக்கப் போக எண்டு போன மாசம் பாவிச்ச பெடல் கயாக் (காலாலை உழக்கி ஓடுற சின்ன வள்ளம்) ஒண்டு வாங்கினனான். 11 அடி, புறொப்பெல்லர் வகை. எந்தக் கொம்பனி எண்டு எழுதேல்லை, எழுதினால் பேந்து அதிலைதான் சண்டை போகும். அப்பப்பா கரைவலை இழுத்த ஆள். எனக்குத் தண்ணி அனுபவம் எண்டால் நீச்சல் குளம் மட்டும்தான்.

இரண்டு சனிக்கிழமை இங்கை ஒன்ராறியோவிலை ஸ்கூகொக் ஏரிக்குப் போனன், போர்ட் பெரி ஊர்ப் பக்கம். இறக்கின முதல் பத்து நிமிசம் பெடல் தையல் மெசின் மாதிரி ஓடுது. பேந்து கொஞ்சம் கொஞ்சமா இறுகி, 20 நிமிசம் போகக் காத்துப் போன சைக்கிளை ஏத்தத்திலை உழக்கிற மாதிரிக் கிடக்கு. கூடவே ஒரு 'டொக் டொக்'. கரைக்கு வரேக்கை முழங்கால் சிரட்டையைச் சுத்தி நோ. நேரையும் போகுதில்லை, சுக்கான் பிடியை விட்டால் வலப்பக்கம் இழுக்குது. வீட்டை கொண்டுவந்து பின்பக்கப் பிளக்கைக் கழட்டினால் இரண்டு லீற்றர் தண்ணி ஊத்துது.

வித்தவருக்கு மெசேஜ் போட்டன். "எனக்கு ஒரு நாளும் அப்பிடி வரேல்லை" எண்டார். ஏமாந்திட்டனோ? மனிசி ஏற்கனவே உதுக்கு "கராஜிலை கிடக்கிற வாழைப்பழம்" எண்டு பேர் வைச்சிட்டா. நிறம் மஞ்சள்.

பீற்றர்பரோ_அக்கா:

தம்பி, வித்தவரைத் திட்டுறதுக்கு முதல் நாலு கேள்வி. பெடல் இறுகேக்கை ட்றைவை, அதுதான் பெடலும் புறொப்பெல்லரும் சேந்த பகுதியை, தூக்கிப் பாத்தனீங்களோ, புறொப்பெல்லரிலை என்ன கிடந்தது? சீற்றை எவ்வளவு முன்னுக்குப் பூட்டியிருக்கிறியள்? நீங்களா ஏதும் ஓட்டை போட்டனீங்களோ? கரையிலை இறக்கேக்கை ட்றைவை எப்ப கீழை விடுறனீங்கள்?

ஒண்டு இப்பவே சொல்லிப்போட்டுப் போறன். இறுகினால் பலம் போட்டு உழக்காதேங்கோ. அதுக்குள்ளை இருக்கிறது சின்னப் பல்லுச் சக்கரங்கள், உங்கடை தொடையோடை போட்டி போட அதுகளாலை ஏலாது.

மார்க்கம்_புதுசு:

நன்றி அக்கா. தூக்கிப் பாத்தன், புல்லுக்கட்டு மாதிரிச் செடி சுத்திக் கிடந்தது. கத்தியாலை அறுத்து எடுத்தன், ஆனா அதுக்குப் பிறகும் முந்தின மாதிரிச் சுகமா ஓடேல்லை. நான் கட்டை ஆள், 5 அடி 5, அதாலை சீற்றை முழுக்க முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறன். ஓட்டை... ஓம். தூண்டில் தடியைச் செருகி வைக்கிற றொட் ஹோல்டர் இரண்டு நானே பூட்டினனான், மரத்துக்குப் போடுற ஸ்க்ரூ போட்டு. ட்றைவைக் கரையிலேயே விட்டிட்டுத்தான் ஏறுறனான். பிழையோ?

கரையூர்க்காரன்:

தம்பி, கயாக்கிலை பிழை இருக்கோ இல்லையோ, நீர் போன இடத்திலை பிழை இருக்கு. ஸ்கூகொக் ஆதியிலை இப்பிடிப் பரந்து கிடந்த ஏரி இல்லை. 1830களிலை லின்ட்சேயிலை மில்லுக்கு அணை கட்டினாங்கள், தண்ணி ஏறிச் சதுப்பு நிலம் எல்லாம் தாண்டுபோச்சுது. இண்டைக்கும் சராசரி ஆழம் ஒண்டரை மீற்றர்கூட இல்லை. அடிமட்டும் வெயில் போற தண்ணி, அதாலை அடி முழுக்கச் சாதாளை. ஜூலைக்குப் பிறகு சில இடத்திலை மேலாலை கோழி நடக்கும். உம்மடை புறொப்பெல்லர் கயாக்குக்குக் கீழை ஏறக்குறைய ஒண்டரை அடி தொங்குது. அது உழவு மெசினைக் கொண்டுபோய் நெல்வயலுக்கை விட்ட மாதிரி.

செடி சுத்தினது தெரிஞ்ச உடனை நிப்பாட்டி, பத்துத் தரம் பின்னுக்கு உழக்கும். பாதி தானே கழண்டு போகும். மிச்சத்தைத் தூக்கிக் கையாலை எடும். கத்தி வேண்டாம், தண்டுக்குப் பின்னாலை ஒரு ரப்பர் சீல் இருக்கு, அதிலை பட்டுதெண்டால் பேந்து அழுகைதான்.

செடி எடுத்த பிறகும் இறுக்கம் எண்டால் அது செடி இல்லை. என்ரை சந்தேகம் தங்கூசி, இல்லாட்டில் பின்னல் நூல். மூக்கு நட்டைக் கழட்டி, புறொப்பெல்லரைத் தண்டோடை பிடிச்சு வைச்சிருக்கிற சின்னக் கம்பி ஊசியை ('பின்') எடுத்து, புறொப்பெல்லரை முழுசா வெளியாலை எடுத்துப் பாரும். முன்னாலை நிண்டு பாத்தால் ஒண்டும் தெரியாது, நூல் போய் ஒளிக்கிறது பின்பக்கம்தான்.

துடுப்பு_எதுக்கு:

நண்பா, கோவிச்சுக்காதீங்க, இதுக்குத்தான் நான் தகடு வீசுற வகை வாங்கினேன். ஹோபி கம்பெனி 1997ல கொண்டுவந்த டிசைன். பெங்குவின் இறக்கை மாதிரி ரெண்டு தகடு அடியில இடமும் வலமும் வீசும். பாசி வந்தா ஒரு பெடலை முழுசா முன்னாடி தள்ளிப் பிடிச்சாப் போதும், ரெண்டு தகடும் அடிவயித்தோட ஒட்டிக்கும், அப்படியே சறுக்கிட்டுப் போயிடலாம். ரைஸ் லேக்ல நான் அப்படித்தான் ஓட்டறேன். வித்துட்டு மாத்திடுங்க.

பீற்றர்பரோ_அக்கா:

வாங்கி ஒரு மாசம் ஆகேல்லை, மனுசனை விக்கச் சொல்லுறியள்! உங்கடை தகடு பாசிக்கு நல்லம்தான், மறுக்கேல்லை. ஆனா பாஸ் மீன் ஒண்டு கொழுவிக்கொண்டு மரக்குத்திக்கை ஓடேக்கை, புறொப்பெல்லர்காரர் காலைத் திருப்பி உழக்கினால் அந்தக் கணமே பின்னுக்குப் போவினம். பழைய தகடு ட்றைவிலை அது ஏலாது, புதுசிலை கயிறு இழுத்துத் திருப்ப வேணும். காத்துக்கு எதிரா ஒரே இடத்திலை நிண்டுகொண்டு இரண்டு கையாலையும் தூண்டில் எறியலாம் எண்டதுக்குத்தானே பெடலே வாங்குறது. அதுக்கு இரண்டும் காணும்.

தம்பி, தண்ணிக்கு வாறன். உங்கடை ஸ்க்ரூவிலைதான் எனக்குச் சந்தேகம். கயாக்கை இரண்டு மேசைக்கட்டிலை வைச்சு, பிளக் ஓட்டையாலை ஐஞ்சாறு லீற்றர் தண்ணியை உள்ளுக்கு ஊத்தி மூடுங்கோ. முதல் நேரை வைச்சு அடியைத் துடைச்சுப் பாருங்கோ, முக்கியமா தண்ணி வடியிற துளைகளின்ரை விளிம்பு. அதுக்கை செருகிற வண்டில் பாவிச்சிருந்தால் அந்த இடம் வெடிச்சிருக்கும். பேந்து பக்கவாட்டிலை சரிச்சு றொட் ஹோல்டரைச் சுத்திப் பாருங்கோ. எங்காலை வடியுதோ அங்காலைதான் ஏரித் தண்ணி வந்தது.

ஸ்க்ரூதான் எண்டால் கழட்டிப்போட்டு, ரப்பர் உறை போட்ட நட் போடுங்கோ. போல்ட்டை இறுக்க அந்த ரப்பர் உள்ளுக்கை பிதுங்கி ஓட்டையைத் தானே அடைக்கும். சும்மா சிலிக்கனை மட்டும் அப்பி நம்பியிருக்கிற ஆக்கள் கனபேர். கயாக் பொலிஎதிலீன், அதிலை சிலிக்கன் வடிவா ஒட்டாது.

ஒரு கோப்பைத் தண்ணி எண்டால் கவலைப்படாதேங்கோ, என்ரையிலையும் வரும். இரண்டு லீற்றர் கூட.

மார்க்கம்_புதுசு:

நேற்று இரவு கராஜிலை கழட்டினன். நட் வந்திட்டுது, புறொப்பெல்லர் வரேல்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைச்சு ஆட்டி ஆட்டி எடுத்தால், தண்டிலை பச்சையா ஒரு வளையம். முதல் வாஷர் எண்டு நினைச்சன். நகத்தாலை கிளறினால் நூல்! மனிசி தையல் ஊசி கொண்டுவந்து பக்கத்திலை குந்தியிருந்து ஒவ்வொரு சுத்தா நெம்பித் தந்தா. இரண்டு மீற்றருக்கு மேலை வந்தது, சில இடத்திலை உருகிக் கட்டியா ஒட்டிப்போச்சுது. நான் பாவிக்கிறது மஞ்சள் நூல். இது பச்சை. வித்தவருக்கு "ஒரு நாளும் வரேல்லை"யாம்!

அந்தக் கம்பிப் பின் சாடையா வளைஞ்சு கிடக்கு. டொக் டொக் அதுதான் எண்டு நினைக்கிறன், புறொப்பெல்லரைப் பிடிச்சு ஆட்டினால் ஆடுது. தண்ணி றொட் ஹோல்டராலைதான், இரண்டிலையும். அக்கா சொன்னது சரி.

கரையூர்க்காரன்:

வளைஞ்ச பின்னை நிமித்திப் போடாதேயும், புதுசு வாங்கும். இரண்டு வாங்கி ஒண்டைத் தூண்டில் பெட்டிக்கை போடும், கூட ஒரு நட்டும் குறடும். கல்லிலை அடிபட்டால் கியர் உடையாமல் தான் உடையிறதுக்குத்தான் அந்தப் பின் இருக்கு. கரையிலேயே ட்றைவை விட்டிட்டு ஏறுறன் எண்டீர், பின் வளைஞ்ச கதை அதாலையும் இருக்கலாம். இடுப்பளவு தண்ணிக்குப் போன பிறகு விடும், கரைக்கு வரேக்கை முதல் தூக்கும்.

நூல் சீலைத் திண்டிருக்கோ எண்டும் பாக்க வேணும். கியர் பெட்டி எண்ணெயிலை ஒரு சொட்டுக் கடதாசியிலை விட்டுப் பாரும். தேத்தண்ணிக்குப் பால் விட்ட மாதிரிக் கலங்கியிருந்தால் தண்ணி உள்ளுக்குப் போட்டுது, சீல் மாத்தாமல் ஓடாதேயும். தெளிவா இருந்தால் தப்பினீர்.

வலப்பக்கம் இழுக்கிறது பெரிய விசயம் இல்லை. ஒற்றைப் புறொப்பெல்லர் எண்டால் சாடையா ஒரு பக்கம் தள்ளத்தான் செய்யும். பிடியை நடுவிலை வைச்சிட்டுப் பின்னாலை போய் நிண்டு பாரும். சுக்கான் தகடு நேரை நிக்காட்டில் கயிறு பிடிக்கிற இடத்திலை ஒரு பக்கம் இளக்கி மற்றப் பக்கம் இறுக்கும். அது சரி, சாமான் எல்லாம் எந்தப் பக்கம் ஏத்துறனீர்?

மார்க்கம்_புதுசு:

எண்ணெய் தெளிவு. ஐஸ் பெட்டி வலப்பக்கம்... யோசிக்கேல்லை அண்ணை.

பீற்றர்பரோ_அக்கா:

முழங்காலை மறந்திட்டம். கட்டை ஆள் எண்டு சீற்றை முன்னுக்குத் தள்ளினால் பெடல் கிட்ட வரேக்கை முழங்கால் நாடிக்கு வரும், அதுதான் நோ. ஒரு பெடலை முழுக்கத் தள்ளிப் பிடிச்சால் அந்தக் கால் கொஞ்சமே கொஞ்சம் மடிஞ்சிருக்க வேணும், அவ்வளவுதான். ஒவ்வொரு பல்லாப் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கோ. நாரிக்கு ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கோ. இன்னொண்டு, வேகத்துக்கு ஆசைப்படாதேங்கோ. 11 அடிக் கயாக் மணிக்கு 5, 6 கிலோமீற்றரிலை சந்தோசமா ஓடும். அதுக்கு மேலை நீங்கள் போடுற பலம் எல்லாம் அலை எழுப்பத்தான் போகும்.

சும்மா_வந்தவன்:

உதெல்லாம் இருக்கட்டும். பிக்கரல் மீன் பிடிபட்டதோ? பொரிச்சால் அந்த மாதிரி.

பீற்றர்பரோ_அக்கா:

ஸ்கூகொக்கிலை பிக்கரல் பிடிக்கிறது 2016இலையிருந்து பூட்டு. தப்பித் தவறிக் கொழுவினால் உடனை விடவேணும், படம் எடுக்கவும் மினைக்கெடாதேங்கோ. அங்கை பேர்ச் இருக்கு, பொரிக்க அதுவும் திறம். பாஸ் ஜூன் பின்பாதியிலைதான் திறக்கும். அந்த ஏரி இருக்கிற 17ஆம் மீன்பிடி வலயத்துச் சட்டத்தை ஒவ்வொரு வருசமும் புதுசா வாசிச்சிட்டுப் போங்கோ. புதுசு தம்பி, லைசென்ஸ் எடுத்திட்டீங்கள்தானே? 18 தொடக்கம் 64 வயது மட்டும் கட்டாயம்.

கரையூர்க்காரன்:

மீனுக்கு முதல் ஆள் திரும்பி வரவேணும். லைஃப் ஜக்கெற் கயாக்கிலை இருந்தால் சட்டத்துக்குக் காணும், ஆனா நீர் போட்டுக்கொண்டு இரும். விசில், 15 மீற்றர் மிதக்கிற கயிறு, தண்ணி இறைக்க ஒரு சாமான், இதுகளும் வேணும். துடுப்பு ஒண்டு கட்டாயம். நடு ஏரியிலை பின் உடைஞ்சால் பெடல் வெறும் கால்மிதிதான்.

காத்தைப் பாரும். இங்கை கோடையிலை கனநாள் தென்மேற்குக் காத்து, நான் அதைச் சோளகம் எண்டுதான் சொல்லுறனான், மகள் சிரிப்பாள். போர்ட் பெரியிலை நிண்டு வடக்கை போகேக்கை அது முதுகிலை பிடிச்சுத் தள்ளும், நல்லா உழக்கிறன் எண்டு நினைப்பீர். திரும்பேக்கைதான் தெரியும். ஆழமில்லாத ஏரியிலை அலை கெதியா எழும்பும், அதுவும் குட்டை குட்டையா, முகத்திலை அடிக்கும். போகேக்கை சுகமா இருந்தால் கெதியாத் திரும்பும்.

வசந்தத்திலை வெளியிலை 22 பாகை எண்டு சேட்டோடை இறங்கிறவங்கள் இருக்கிறாங்கள். தண்ணி அப்ப ஐஸ் விட்டு எத்தினை நாள்? கனடாவிலை 1-10-1 எண்டு படிப்பிக்கிறவை: விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிசம், கைகால் சொல்லுக் கேக்கிறது 10 நிமிசம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். அந்தப் பத்து நிமிசத்துக்குள்ளை ஏறத் தெரியவேணும். தண்ணி சூடான ஒரு நாள், நெஞ்சளவு தண்ணியிலை, வேணுமெண்டே கவிட்டு விழும். கயாக்கை நிமித்தி, மற்றப் பக்க விளிம்பை எட்டிப் பிடிச்சு, காலை மேலை மிதக்கவிட்டு உதைச்சு, வயித்தாலை குறுக்கை ஏறும். பேந்துதான் திரும்பி இருக்கிறது. எழும்பி ஏறப் பாத்தீர் எண்டால் திருப்பியும் கவிழும்.

மார்க்கம்_புதுசு:

இந்தச் சனி போட்டு வந்திட்டன். பெடல் கடைசிமட்டும் தையல் மெசின். மூண்டு மணித்தியாலத்திலை ஆறு தரம் நிப்பாட்டிப் பின்னுக்கு உழக்கினன், இரண்டு தரம்தான் தூக்கிக் கையாலை எடுக்க வேண்டி வந்தது. சீற் மூண்டு பல்லுப் பின்னுக்கு, முழங்கால் நோ இல்லை. ஐஸ் பெட்டியைப் பின்னுக்கு நடுவிலை வைச்சன், இழுவை பாதி குறைஞ்சுது. மிச்சத்தைச் சுக்கான் கயிறிலை சரிக்கட்டினன். உள்ளுக்கு அரைக் கோப்பைத் தண்ணிதான்.

கரையிலை விழுந்து பழகினன். இரண்டு தரம் ஏற ஏலாமல் போச்சுது, மூண்டாம் தரம் வயித்தாலை ஏறி மீன் மாதிரிக் கிடந்தன். கரையிலை நிண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கை தட்டினார். பேர்ச் 7. மனிசி பொரிச்சுப்போட்டு வாழைப்பழத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

ஒரு கேள்வி. கரைக்கு வந்து பிளக்கைக் கழட்டித் தண்ணியை விட்டு, ட்றைவிலை கிடந்த செடியெல்லாம் புடுங்கிப்போட்டுத்தான் காரிலை ஏத்தினன். அங்கை ஒரு பலகையிலை அப்பிடிச் செய்யச் சொல்லிக் கிடந்தது. உண்மையிலேயே சட்டமோ?

பீற்றர்பரோ_அக்கா:

சட்டம்தான், 2022 ஜனவரி 1இலையிருந்து. ஒரு ஏரிச் செடியை மற்ற ஏரிக்குக் காவக்கூடாது எண்டதுக்காக. பிளக் திறந்தபடிதான் றோட்டிலை போகவேணும்.

மார்க்கம்_புதுசு:

அப்ப சரி. ஆனா அக்கா, கழட்டின பிளக்கை எங்கை வைச்சன் எண்டு இப்ப தெரியேல்லை.

கரையூர்க்காரன்:

எல்லாரும் ஒருக்கா துலைக்கிறதுதான். புதுசு வாங்கி ஒரு துண்டு நூலிலை கார்த் திறப்போடை கட்டும். அந்தப் பச்சை நூல் இன்னும் கிடக்குத்தானே.