பெட்ஜ்பரி காட்டு விளக்குப் பாதை: ஐந்து வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் ஒத்துவருமா?

ஈஸ்ட்ஹாம் அம்மா கேட்டது:

வணக்கம். கென்ட்டில் கௌட்ஹர்ஸ்ட் அருகே உள்ள பெட்ஜ்பரி காட்டில் கிறிஸ்துமஸ் காலத்தில் விளக்குப் பாதை அமைக்கிறார்கள் அல்லவா, அதற்கு டிசம்பரில் போகலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது. மகளுக்கு ஒன்றரை. நடப்பாள், பத்து நிமிடத்தில் தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிடுவாள்.

தயங்குவதற்குக் காரணம் சென்ற ஆண்டு அனுபவம். வேறோர் இடத்தில் இதே போன்ற விளக்குப் பாதைக்கு இரவு 7 மணி நுழைவுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். காரை நிறுத்தி இறங்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே நுழைவதற்குள் மகன் பசியில் அழ ஆரம்பித்துவிட்டான். பாதி வழியில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் சேற்றில் புதைந்துகொண்டது. தூங்கும் குழந்தையை நான் தோளில் போட்டுக்கொள்ள, வண்டியைக் கணவர் தூக்கிக்கொண்டு நடந்தார். விளக்கை நாங்கள் யாரும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால், "அந்தக் குளிர் இடமா?" என்றுதான் மகன் கேட்கிறான்.

ஆனால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பாதைகளைப் பற்றியே பேசுகிறார்களாம், தானும் போகவேண்டும் என்கிறான். இன்னொரு கவலை, அவனுக்கு இருட்டு என்றால் பயம். விளக்கு எரிந்தால்தான் தூங்குவான். காட்டுக்குள் அழைத்துப்போவது சரியா? எந்த நேரத்துக்கு எடுப்பது, என்ன உடுத்துவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னி மகள் எழுதியது:

தங்கச்சி, நான் மெய்ட்ஸ்டனில் இருக்கிறேன். மூன்று பிள்ளைகளோடு பெட்ஜ்பரிக்கு நான்கு மார்கழி போயிருக்கிறேன். கட்டாயம் போங்கள். ஆனால் சென்ற ஆண்டு போன மாதிரிப் போகாதீர்கள்.

முதலில் நேரம். பின்னேரம் முதல் நுழைவு எதுவோ அதையே எடுங்கள், அது கிடைக்காத நாளென்றால் வேறு நாள் பாருங்கள். இந்தப் பக்கம் பொழுது மிக முந்திச் சாய்வது டிசம்பர் 12ஆம் திகதி வாக்கில்தான். நான்கு மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போதே சூரியன் போய்விடும், நாலரைக்கு நல்ல இருள். முதல் நுழைவில் போனால் வானம் இன்னும் நீலமாக இருக்கும். மரங்கள் கரிய நிழலாக நிற்கும், அவற்றின் அடியில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் துலங்கத் தொடங்கும். ஏழு மணிக்குப் போகிறவர்கள் அந்த நீலத்தைப் பார்ப்பதே இல்லை. உங்கள் மகனுக்கும் இருட்டு ஒரேயடியாக முகத்தில் அடிக்காது, கண் பழகப் பழக வரும்.

ஏ21 சாலையில் வந்து பிளிம்வெல்லில் திரும்பவேண்டும். பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது, கார் இல்லாமல் வருவது சிரமம். ஈஸ்ட்ஹாமிலிருந்து என்றால் சனிக்கிழமை நெரிசலுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவதற்கு அரைமணி நேரம் முன்னால் காருக்குள்ளேயே பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிடுங்கள். நான் அகன்ற வாய்ப் பிளாஸ்கில் பருப்புச் சோறு குழைத்துக் கொண்டுபோவேன். உள்ளே உணவுக் கடைகள் உண்டு, ஆனால் பசித்த பிள்ளையை வரிசையில் நிறுத்துவது வதை. சாப்பிட்டதும் கழிப்பறை, பிறகு சப்பாத்து. இந்த ஒழுங்கு மாறினால் எல்லாம் குழம்பும்.

உடுப்பில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பஞ்சடைத்த தடித்த கோட்டோடு பிள்ளையைக் கார் இருக்கையில் கட்டாதீர்கள். மோதல் நேர்ந்தால் கோட்டின் பஞ்சு அமுங்கிவிடும், பட்டி தளர்ந்து பிள்ளை நழுவிவிடும். கோட்டைக் கழற்றிக் கட்டுங்கள், இறங்கியபின் போடுங்கள். உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம். ஓடி வேர்த்தால் ஈரம் அதில் தங்கி முதுகு குளிர்ந்துவிடும். மெல்லிய தெர்மல் உடுப்பு, அதன்மேல் கம்பளிச் சட்டை, மேலே நீர்புகாத கோட்டு போதும். நடக்கிற பிள்ளைக்கு உடம்பு தானாகச் சூடாகும். தள்ளுவண்டிலில் அசையாமல் இருக்கிற பிள்ளைதான் விறைக்கும். மகளுக்கு ஒரு படி கூடுதலாகப் போடுங்கள், கையுறையை நூலால் கோத்துக் கோட்டுக் கைக்குள்ளால் விடுங்கள். அவள் குளிர்கிறாளா என்று பார்க்க விரலைத் தொடாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

தள்ளுவண்டில் கொண்டுபோகலாம், ஆனால் காற்றடைத்த பெரிய சக்கரம் உள்ளதாக இருக்கவேண்டும். நிலம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். கையில் மடிக்கிற சின்ன வண்டிலென்றால் அதைக் காரிலேயே விட்டுவிட்டு மகளை முதுகில் கட்டும் பையில் சுமந்துகொள்ளுங்கள். மழை வந்தால் வண்டிலின் மழையுறையைப் போடுங்கள், அதற்குமேல் போர்வை போடாதீர்கள், உள்ளே காற்றில்லாமல் போய்விடும்.

இனி இருட்டு.

என் இரண்டாவது மகனும் அப்படித்தான். ஐந்து வயதில் மாடிப்படி ஏறக்கூட விளக்குப் போடவேண்டும். முதல் முறை போனபோது, பாட்டும் ஒளியும் நிறைந்த ஓர் இடத்தைத் தாண்டி வளைவில் திரும்பினோம். ஒரு ஐம்பது அடிக்கு ஒன்றுமில்லை. பாதையோரத்தில் தாழ்வாகச் சின்ன வெளிச்சம் மட்டும். அவன் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் இழுக்கவில்லை. பக்கத்தில் ஒரு செம்மரம் நின்றது. கலிபோர்னியாவிலிருந்து வந்த ராட்சத இனம், செக்கோயா என்பார்கள். அதன் பட்டையைத் தொடச் சொன்னேன். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தான். அந்தப் பட்டை மற்ற மரங்களைப் போல் உறுத்தாது. தும்பும் பஞ்சுமாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், நம் ஊர்த் தென்னந்தும்பைப் போல. வெளியே எல்லாம் குளிர்ந்து கிடக்க, பட்டை மட்டும் அவ்வளவாகக் குளிரவில்லை. "அம்மா, மரம் உடுப்புப் போட்டிருக்கு" என்றான். இரண்டு கையையும் வைத்தான், பிறகு கன்னத்தை வைத்தான். அப்போது தூரத்தில் ஓர் ஆந்தை கூப்பிட்டது. குளிர்காலத்தில் இந்தக் காடுகளில் பழுப்பு ஆந்தைகள் நன்றாகவே கூப்பிடும். அவன் பயப்படவில்லை, திருப்பிக் கூப்பிட்டான்.

நான் வளர்ந்த ஊரில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். எங்களுக்கு இருட்டு என்பது முற்றமும் அம்மம்மாவின் குரலும்தான். என் பிள்ளைகளுக்கோ தெருவிளக்கு அணையாத ஊர். இரவு என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்ட எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அதனால் விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த இடங்களை வேகமாகக் கடக்காதீர்கள். மகன் கையில் சின்ன டோர்ச் ஒன்று கொடுங்கள். போடுவதும் அணைப்பதும் அவன் விருப்பம் என்று சொல்லிவிடுங்கள். என் மகன் பாதி வழியில் தானாகவே அணைத்துவிட்டான்.

அந்த மரங்கள் அங்கே எப்படி வந்தன என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். லண்டனின் புகையில் அங்குள்ள கியூ தாவரவியல் தோட்டத்து ஊசியிலை மரங்கள் நலிந்துபோயின. அவை நல்ல காற்றில் வளரட்டும் என்றுதான் 1925இல் கியூவும் வனத்துறையும் சேர்ந்து பெட்ஜ்பரியில் இந்தச் சேகரிப்பைத் தொடங்கினார்கள். 1987 அக்டோபர் புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, மறுபடியும் நட்டு வளர்த்தார்கள். "மூச்சு முட்டின மரங்களை நாட்டுப்புறத்துக்குக் கூட்டிவந்து விட்டிருக்கிறார்கள்" என்று நான் சொன்னதை என் கடைக்குட்டி இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறாள்.

டூட்டிங் அப்பா எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தையோடு இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ஹாமிலிருந்து கியூவுக்கு டிஸ்டிரிக்ட் ரயில் மாறாமலே போகலாம், ரிச்மண்ட் போகும் வண்டியாகப் பார்த்து ஏறவேண்டும். அங்கேயும் இதே போன்ற விளக்குப் பாதையை 2013இலிருந்து நடத்துகிறார்கள். பாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், நல்ல தளம் போட்டது, வண்டியைச் சிரமமில்லாமல் தள்ளலாம். பாம் ஹவுஸ் கண்ணாடி மாளிகையின் வெளிச்சம் முன்னால் இருக்கும் குளத்தில் விழுவதைப் பார்த்து எங்கள் மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். தோட்டம்தான், காடு என்று சொல்லமுடியாது. கூட்டமும் அதிகம்.

ஈஸ்ட்ஹாம் அம்மா எழுதியது:

இருவருக்கும் நன்றி. அக்கா, செம்மரத்தைப் பற்றி எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன். "அது நிஜமாகவே மெத்து மெத்தென்று இருக்குமா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டான். கியூ எங்களுக்குச் சுலபம்தான், ஆனால் இப்போது அவன் அந்த மரத்தைக் கேட்கிறான்.

இரண்டு சந்தேகங்கள். பாட்டுச் சத்தம் எவ்வளவு இருக்கும்? மகள் மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொள்வாள். நாங்கள் சைவம், பிள்ளைகள் சாப்பிட அங்கே என்ன கிடைக்கும்?

வன்னி மகள் எழுதியது:

காட்சிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் தங்கச்சி, ஆனால் பாட்டு எப்போதும் உண்டு. ஒலிபெருக்கி ஓரத்தில்தான் நிற்கும், பிள்ளையின் காது உயரத்தில். நாங்கள் கடைசிப் பிள்ளைக்குக் காதை முழுக்க மூடும் ஒலித்தடுப்பான் போட்டுக் கூட்டிப்போனோம், தொப்பிக்கு மேல் போட்டாலும் இருக்கும். வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னும் இடங்களும் புகை விடும் இடங்களும் இருக்கலாம். முன்கூட்டியே வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். அந்த இடத்துக்கு முன்னால் மகளை உங்கள் மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாம்.

மார்ஷ்மெல்லோவில் கவனம். நெருப்பில் வாட்டித் தின்ன விற்பார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். பெரும்பாலும் அதில் ஜெலட்டின் இருக்கும், பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பது. சைவ மார்ஷ்மெல்லோ சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது, ஒரு பொதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து வாட்டலாம் என்று அங்கேயே காட்டிவிடலாம். சிப்ஸும் சூடான சாக்லேட்டும் நாங்கள் போனபோதெல்லாம் கிடைத்தன. சாக்லேட்டைப் பிள்ளைக்குக் கொடுக்குமுன் மூடியைத் திறந்து ஆறவிடுங்கள்.

நான் போன ஓர் ஆண்டில் நிஜ நெருப்பு வைத்திருந்தார்கள், சட்டிகளில் வரிசை வரிசையாக எரிந்தது. என் மூத்தவள் அதைப் பார்த்ததும் "அம்மா, விளக்கீடு!" என்று கத்தினாள். இரண்டு கிழமைக்கு முன்னால்தான் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் சிட்டி விளக்கு வைத்திருந்தோம். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பாட்டி என்னவென்று கேட்டார். மகளே விளக்கம் சொன்னாள், திரியை எப்படித் திரிப்பது என்று விரலால் செய்தும் காட்டினாள். நெருப்பு வைத்திருந்தால் மகளைக் கீழே விடாதீர்கள். மகனின் கையை நீங்கள் பிடியுங்கள், அவன் உங்கள் கையைப் பிடித்திருப்பது போதாது.

ஈஸ்ட்ஹாம் அம்மா எழுதியது:

அடுத்த சனிக்கிழமைக்குப் பதிவு செய்துவிட்டோம், அன்றைய முதல் நுழைவு. பக்கத்து வீட்டு அக்காவிடம் பெரிய சக்கர வண்டியை இரவல் கேட்டிருக்கிறேன். டார்ச்சை மகனே கடையில் தேர்ந்தெடுத்தான், பச்சை நிறம். நேற்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு அதை மட்டும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தான். பத்தே நிமிடம்தான், பிறகு விளக்கைப் போடச் சொன்னான். போய் வந்ததும் எழுதுகிறேன்.