மகாராணி ஏன் உரைநடையில் பேசுகிறாள்? (மேக்பெத்)

மலர்_இரண்டாம்வருடம்:
பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். பள்ளி முழுக்கத் தமிழ் வழி. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் உயர்ந்தவர்கள் செய்யுளில் பேசுவார்கள், வேலைக்காரர்கள் உரைநடையில் பேசுவார்கள் என்கிறது கைடு. குடித்துவிட்டு உளறும் வாயிற்காவலன் சரி. ஆனால் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடக்கும் லேடி மேக்பெத் (மேக்பெத்தின் மனைவி)? அவள் பேச்சை விரல்விட்டு எண்ணினால் செய்யுளுக்கு உரிய வரிக்குப் பத்து அசை வரவே இல்லை. தப்பாக எண்ணுகிறேனா?

பழைய_சாக்பீஸ்:
தப்பே இல்லைமா, அது உரைநடைதான். கைடு பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் புத்தி கலங்கியவர்களும் உரைநடைக்கு இறங்குவார்கள். ஹாம்லெட்டில் ஒஃபீலியாவைப் பார். (நம் நேரசை, நிரையசைக் கணக்கை இங்கே கொண்டுவராதே. என் மாணவர்கள் பாதிப் பேர் அதில்தான் விழுவார்கள்.)

மன்னன் டங்கனை மேக்பெத் கொன்ற இரவில், கையில் ரத்தத்தோடு நிற்கும் லேடி மேக்பெத், கொஞ்சம் தண்ணீர் இருந்தால் இது கழுவிப்போகும் என்கிறாள். ஆங்கிலத்தில் அந்த வரி கச்சிதமாகப் பத்து அசை. ஐந்தாம் அங்கத்தில் அதே கை. அரேபியாவின் வாசனைத் திரவியம் மொத்தமும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்கிறாள். இந்த வரி எந்த அளவுக்கும் அடங்காது. இரண்டையும் மேஜையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பார். இரண்டாவதில் கை தடுமாறும்.

அப்புறம் அந்த விளக்கு. முதல் அங்கத்தில் “அடர்ந்த இரவே வா” என்று கூப்பிட்டவள் இவள். இப்போது பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும், அது அவள் உத்தரவு. பணிப்பெண் போகிற போக்கில் சொல்லும் வரி அது. எத்தனை வருடம் நடத்தியும் அங்கே வந்தால் என் குரல் இறங்கிவிடும்.

ராத்திரி_வாசகன்:
அவள் இறந்த செய்தி வரும்போதும் மேக்பெத் செய்யுளில்தான் பேசுகிறான், கவனித்தீர்களா? ‘டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ’. அழக்கூட இல்லை. எனக்கு அவன்தான் அதிகப் பயம்.

மலர்_இரண்டாம்வருடம்:
நன்றி சார். ஆனால் அந்த ‘டுமாரோ’ வரியில் எனக்குப் பதினொரு அசை வருகிறதே?

பழைய_சாக்பீஸ்:
பதினொன்றுதான். கடைசி ‘ரோ’ அழுத்தம் இல்லாமல் தொங்கும் உபரி அசை. வாய்விட்டுச் சொல், வரி முடியாமல் இழுக்கும்.

மலர்_இரண்டாம்வருடம்:
சொன்னேன் சார். விடுதி அறையில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.