திரையில் மீன் தெரிந்தது, அப்புறம் என்ன ஆனது? (அனுபவப் பகிர்வு)

பனித்துளை, டொரோண்டோ:

போன பிப்ரவரி, சிம்கோ ஏரி. லைவ் சோனார் (ஒலி அனுப்பி, தண்ணீருக்குள் இருப்பதை உடனுக்குடன் திரையில் காட்டும் கருவி) வாங்கி மூன்றாவது தடவை எடுத்துப் போகிறேன். திரை, கம்பம், பேட்டரி எல்லாம் சேர்த்து 3,000 டாலருக்கு மேல். வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன். பனியில் துளை போட்டு, ஒலியை அனுப்பி வாங்கும் முனையான ட்ரான்ஸ்டியூசரை இறக்கித் திருப்பினால் மீன் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது அந்த நொடியிலேயே தெரியும். வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூட மாமனார் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர், 74 வயது. 1990இல் ஊரை விட்டுக் கிளம்பும்வரை வள்ளத்தில் போனவர். சின்னக் கூடாரம், ஹீட்டர், இரண்டு மடக்கு நாற்காலி. 80 அடி ஆழம்.

எட்டரை மணிக்கு ஒரு லேக் ட்ரவுட் வந்தது. என் வெள்ளை ஜிக் (எடை வைத்த போலி இரை) திரையில் ஒரு புள்ளி. அதற்குப் பின்னால் ஊறிய அவல் மாதிரி ஒரு வெளிச்சம். நான் ஜிக்கைத் தூக்கினால் அதுவும் ஏறும், நிறுத்தினால் நிற்கும், மூக்கு முட்டுகிற தூரம் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடும். ஜிக்கை மாற்றினேன். திரும்பவும் வந்தது, திரும்பவும் போனது. இப்படி ஐந்து தரம், முக்கால் மணி நேரம்.

மாமா தேத்தண்ணியை ஊதிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"தம்பி, உந்தப் புள்ளி உம்மட தூண்டில்தானே?"

"ஓம் மாமா."

"மற்றது மீன்?"

"ஓம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அது வேண்டாமெண்டு சொல்லுது. அஞ்சு தரம் சொல்லிப்போட்டுது. உமக்கு விளங்கேல்லையோ?"

அன்றைக்கு ஒரு மீனும் இல்லை. முன்பெல்லாம் வெறுங்கையோடு வந்தால் "மீன் இல்லை" என்று சொல்லிச் சமாளிக்கலாம். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

ஈசியார் கயாக், சென்னை:

உங்களுடையது பணக்காரப் பிரச்சினை, நண்பரே. என்னுடையது ஐந்து அங்குலத் திரை, ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கியது. மீன் தெரிந்தால் மீன் பொம்மை போடும், பீப் அடிக்கும். பெரிய மீனுக்குப் பெரிய பொம்மை.

கோவளத்துக்கு வெளியே, காற்று இல்லாத ஒரு காலை. திடீரென்று பீப், பீப், பீப். திரை முழுக்கப் பெரிய பொம்மை. எனக்குக் கை நடுங்குகிறது. பக்கத்தில் ஃபைபர் படகில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, கீழே செம மீன்!" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், அது சொறி. குனிஞ்சு தண்ணியப் பாருங்க."

குனிந்தேன். கயாக்குக்கு அடியில் பால் நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக ஜெல்லிமீன்கள் போய்க்கொண்டே இருந்தன. கருவி இன்னும் பீப் அடித்துக்கொண்டிருந்தது. தூண்டில் நரம்பை இழுத்தபோது அதில் ஒட்டியிருந்த இழை விரலிடுக்கில் பட்டு, மதியம் வரை எரிச்சல். அதோடு பொம்மையை அணைத்துவிட்டேன். பீப் சத்தத்தை எப்படி அணைப்பது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஈப்போ வயர்மேன்:

மேலே எழுதிய இரண்டு பேரும் கருவியின் மேல் பழி போடுகிறீர்கள். கருவி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, படிக்கத் தெரியவில்லை. 31 வருடம் மின்வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கயாக் தம்பி, பொம்மை போடும் வசதியை வாங்கிய அன்றே அணைத்திருக்க வேண்டும். தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவில் எது தொங்கினாலும் அது மீன் என்றுதான் சொல்லும். குப்பைப் பை, குமிழி, சொறி, எல்லாமே அதற்கு மீன்தான். பொம்மையை எடுத்துவிட்டால் வளைவு தெரியும். கருவி அனுப்பும் ஒலி கீழே போகப் போகக் கூம்பு மாதிரி விரியும். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வரும்போது குறைவு, வெளியே போகும்போது மறுபடி அதிகம். அதனால்தான் வில் மாதிரி விழுகிறது. மீன் கூம்பின் ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு போனால் வில் முழுசாக வராது, வாலறுந்த கோடுதான் வரும்.

இன்னொன்று, இதைப் பாதிப்பேர் கவனிப்பதே இல்லை. சாதாரணக் கருவியில் வலது ஓரத்தில் இருக்கும் அந்த ஒரு கோடுதான் இந்த நொடி. அதற்கு இடது பக்கம் இருப்பதெல்லாம் நடந்து முடிந்தது. படகு நங்கூரத்தில் நின்றாலும் படம் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு சின்ன மீன் அடியில் சும்மா நின்றால் திரை நீளத்துக்கு ஒரு கோடு விழும், அதைப் பார்த்துப் படகே அல்லோலகல்லோலப்படும். 20 பாகைக் கூம்பு என்றால் தரையில் அதன் விட்டம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 30 அடியில் பத்தடி வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே யானை நின்றாலும் தெரியாது.

எதிரொலியின் பெரும்பங்கு மீனின் சதையிலிருந்து வருவதில்லை, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் முதல் நடைமுறைக் கருவியைக் கொண்டுவந்ததற்கும் இதுதான் அடிப்படை: குமிழி இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்று மீனவர்கள் சொன்னது. ஆகவே காற்றுப்பை இல்லாத மீன்கள் மங்கலாகத்தான் தெரியும். கெயினை, அதாவது எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, கூட்டுங்கள். கூட்டினால் பொடி விழும், அப்போது கொஞ்சம் குறையுங்கள். கருவிக்குத் தனி பேட்டரி. மோட்டார் பேட்டரியிலிருந்தே எடுத்தால் திரையில் மழை பெய்யும். ட்ரான்ஸ்டியூசரை இயந்திரத்தின் நுரை படாத இடத்தில் பொருத்துங்கள். ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள்.

என் அனுபவம் கேட்டால்: தாசிக் கென்யிர், இங்கே மலேசியாவில் அணை கட்டி உண்டான ஏரி. ஒரு காலை முழுக்க ஒரு பெரிய தோமான் (விரால் வகை மீன்) கூட்டத்தின் மேல் எறிந்துகொண்டிருந்தேன். அணை கட்டியபோது மூழ்கிய மரம் அது. மூன்று ஜிக் அதன் கிளையில் போயிற்று.

ஞாயிறுத் தூண்டில், மார்க்கம்:

ஈப்போ அண்ணன் மரத்தடியில் இவ்வளவு நேரம் நின்றதால்தான் இவ்வளவு யோசித்திருக்கிறார் போல.

பனித்துளை, உங்கள் மாமனார் சொன்னது எனக்கு வேறு மாதிரி பட்டது. என் கதையில் மீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்டோபர் கடைசி, அதே சிம்கோ, 45 அடி ஆழம், ஸ்மால்மவுத் பாஸ் மீன். லைவ் சோனார் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் எனக்குத் தெரிந்தே இருக்காது. திரையில் பார்த்துப் பார்த்து இறக்கினேன். அரை மணியில் ஆறு மீன். எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விட்டேன். நான் நல்லவனாம்.

நாலாவது மீன் கீழே போகவில்லை. படகிலிருந்து பத்தடி தள்ளி மல்லாந்து மிதந்தது. கண் வெளியே தள்ளி, வாய்க்குள் இளஞ்சிவப்பாக ஒரு பலூன். அது அதன் இரைப்பை. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் உள்ளே காற்றுப்பை ஊதி, இரைப்பையை வெளியே தள்ளிவிட்டது. ட்ரவுட் காற்றை ஏப்பம் மாதிரி வெளியே விட்டுவிடும், அதன் உடல் அமைப்பு அப்படி. பாஸுக்கும் பர்ச்சுக்கும் அந்த வழி கிடையாது. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கடற்காகம் வந்து முதலில் கண்ணைக் கொத்தியது. நான் மோட்டாரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மற்ற ஐந்தும் முங்கிப் போனதே தவிர பிழைத்ததா என்று யாருக்குத் தெரியும்.

இப்போது 30 அடிக்குக் கீழே பாஸ் தெரிந்தால் தூண்டிலை இறக்குவதில்லை. இறக்கியே தீருவேன் என்பவர்கள் மீனை எடை கட்டிக் கீழே கொண்டுபோய் விடுவிக்கும் கொக்கியையாவது வாங்குங்கள்.

அமெரிக்காவில் பாஸ் மீன்பிடிப் போட்டி நடத்துகிறவர்களே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2018இல் கார்மினின் லைவ் சோனாரான லைவ்ஸ்கோப் வந்தபோது கைதட்டியவர்கள்தான். 2025இல் மேஜர் லீக் ஃபிஷிங் தன் பெரிய போட்டிகளில் நாளுக்கு மூன்று சுற்றில் ஒன்றில் மட்டும் அனுமதி என்று வைத்தது. பாஸ்மாஸ்டர் எலீட் படகுக்கு ஒரே ஒரு லைவ் ட்ரான்ஸ்டியூசர், திரைகள் எல்லாம் சேர்ந்து 55 அங்குலத்துக்கு மேல் கூடாது என்றது. 55 அங்குலம்! எங்கள் வரவேற்பறை டிவி அவ்வளவு இல்லை.

பார்மகள், தூத்துக்குடி:

நான் தூண்டில் போடுகிறவள் இல்லை. படகு வைத்திருக்கும் வீட்டுப் பெண். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து பொழுதுபோக்குக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போவார். ஒரு நாள் நானும் போனேன்.

வந்தவர் நல்ல மனிதர்தான், எனக்குச் சுண்டல் பொட்டலம் கூடக் கொடுத்தார். கையோடு ஒரு எக்கோ (நீங்கள் சொல்லும் மீன் காட்டும் கருவிதான்) கொண்டுவந்திருந்தார், ஜிபிஎஸ் சேர்ந்தது. படகு ஓரத்தில் கிளிப் போட்டு மாட்டினார்.

அப்பாவுக்கு ஒரு பார் தெரியும், கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. அங்கே போக அடையாளம் பார்க்க வேண்டும். அனல் மின் நிலையப் புகைபோக்கி இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக மறைய வேண்டும். அதே நேரம் இன்னொரு பக்கம் இன்னொரு அடையாளம் நேராக வர வேண்டும். அதை இங்கே எழுத மாட்டேன். தாத்தா அப்பாவுக்குக் காட்டியது. சித்தப்பாவுக்கே தெரியாது.

அங்கே போய் நின்றதும் திரையில் தரை குபுக்கென்று எழுந்தது. அவர் "அடேங்கப்பா" என்றார். அப்புறம் ஒரு பொத்தானை அமுக்கினார். டிங் என்று சின்னதாக ஒரு சத்தம். அப்பா திரும்பி, "அது என்னம்மா சத்தம்?" என்று என்னைக் கேட்டார். இடத்தைக் குறித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். நான் "ஒண்ணும் இல்லப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த மாதம் அதே பாரில் வேறொரு படகு நின்றது. அவரும் அதில் இருந்தார். அப்பாவுக்குக் கை காட்டினாராம். அப்பாவும் கை காட்டிவிட்டு வந்தார்.

ஈப்போ வயர்மேன்:

வருத்தம்தான் தங்கச்சி. ஆனால் கடல் பொது. இன்று அவர் குறிக்காவிட்டால் நாளைக்கு இன்னொருவர் எக்கோவை ஓட்டிக்கொண்டே போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருப்பார். நீங்களும் ஒரு கருவி வாங்கி, உங்கள் இடங்களைக் குறித்து, மெமரி கார்டில் ஒரு பிரதி எடுத்து...

பார்மகள், தூத்துக்குடி:

அண்ணா, கண்டுபிடித்திருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் படகில் உட்கார்ந்துகொண்டு அமுக்கினார். கருவி எல்லாம் வேண்டாம்.

ஈசியார் கயாக், சென்னை:

ஈப்போ அண்ணே, பீப்பை எப்படி அணைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பனித்துளை, டொரோண்டோ:

பார்மகள், உங்கள் பதிவை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொத்தான் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது சொன்னார்: "அந்தப் பிள்ளையிட்டக் கேளும், அந்தப் பாரில என்ன மீன் பட்டதெண்டு."

பார்மகள், தூத்துக்குடி:

களவா. விளைமீனும் உண்டு, ஆனால் அப்பா போனது களவாவுக்குத்தான். மாமாவிடம் சொல்லுங்கள், இரண்டாவது அடையாளத்தை அவருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன்.