டைடுவாட்டர் கிளேசியர்: ‘கடல்முகப் பனியாறு’ என்று வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

டைடுவாட்டர் கிளேசியருக்குத் தமிழ்ச் சொல்லாக ‘ஓதநீர்ப் பனியாறு’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனமில்லை. பனி நேராகக் கடலில் போய் முடிவதும், அந்த முனை உடைந்து பனிப்பாறைகளாக மிதந்து போவதும்தான் இதன் அடையாளம், ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) இல்லை. என் பரிந்துரை ‘கடல்முகப் பனியாறு’. கழிமுகம், முகத்துவாரம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அலாஸ்கா - பிரிட்டிஷ் கொலம்பியா எல்லையின் பழைய தலப்படங்கள் (நில உயரங்களையும் அமைப்பையும் காட்டும் வரைபடங்கள்). கரைக்கு இணையான மலைமுகடுகள் வழியே எல்லை போகும், முகடு கடலிலிருந்து 10 கடல் லீக்குக்கு (சுமார் 55 கி.மீ.) மேல் தள்ளியிருந்தால் கரையின் வளைவுகளுக்கு இணையாகப் போகும் என்று ரஷ்யாவும் பிரிட்டனும் செய்த 1825 ஒப்பந்தம் எழுதிவைத்தது, ஆனால் அந்த மலைகளை அப்போது யாரும் அளந்திருக்கவில்லை. 1893 முதல் 1895 வரை அமெரிக்கா, கனடா என இரு தரப்பு அளவையாளர்களும் போனார்கள். கனடா தரப்பினர் கேமராவைச் சிகரங்களுக்குச் சுமந்துபோய், வானம் தெளிந்த கொஞ்ச நேரத்தில் படமெடுத்து, பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து அவற்றிலிருந்து சம உயரக்கோடுகளை வரைந்தார்கள் (அருமையான வேலை, இதற்கும் ஒரு சொல் வேண்டும், தனியாகப் பேசுவோம்). 1903இல் இந்த எல்லைத் தகராறை விசாரித்த தீர்ப்பாயம் வரைபடத்தில் ‘எஸ்’ என்று குறித்த சிகரங்களைச் சொல்லித்தான் எல்லையைத் தீர்மானித்தது. ஒரு பகுதிக்கு அளவை போதவில்லை என்று கோடு போடாமலே விட்டது.

சரி, பனியாறு எங்கே வருகிறது? கரை எது என்பதில். அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவுக்கு 1794இல் பிரிட்டிஷ் கடலோடி வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அதன் வாய்ப்பக்கத்திலேயே பனி நின்றது. 1916இல் அங்கே கிராண்ட் பசிபிக் பனியாற்றின் முகம் வாயிலிருந்து சுமார் 105 கி.மீ. உள்ளே இருந்தது. அது ஒரு கட்டத்தில் எல்லையையும் தாண்டிக் கனடாவுக்குள் பின்வாங்கி, அப்புறம் திரும்பி முன்னேறியது. பனி விட்ட இடத்தில் கடல் நுழைகிறது, கரையே நகர்கிறது. அதனால் முகத்தை ஆண்டோடு சேர்த்துத்தான் வரைய வேண்டும். அமெரிக்க அறிவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1890இலும் 1892இலும் அதே விரிகுடாவின் மியூர் பனியாற்றை அளந்தார். அந்தக் கோடுகளுக்குப் ‘பனிமுகக்கோடு 1890’, ‘பனிமுகக்கோடு 1892’ என்று பெயரிடலாம். ஓதநீரிலிருந்து இப்படிக் கிளைச்சொல் பிறக்காது.

கடலை நோக்கியிருந்தாலே கடல்முகம் ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏரிமுகப் பனியாறு, நிலமுகப் பனியாறு என்று கூடவே வைத்தால் ‘முகம்’ என்பது முடியும் இடம் என்று தெளிவாகிவிடும். மியூர் இன்று கடலை விட்டுத் தரையில் நிற்கிறது, ஆக அது நிலமுகப் பனியாறு.

தலப்படத்தை இலங்கையில் இடவிளக்கப்படம் என்பார்கள். அதுபோல இதற்கும் அங்கே ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால், இலங்கை நண்பர்கள் எழுதுங்கள், முடிவெடுப்பதற்கு முன் அதையும் பார்த்துவிடுவோம்.