ரோன் ஆறு பிறக்கும் கோம்ஸ் மாவட்டம்: காவிரி மாதிரிக்குப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது?

அரசலாறு கேட்டது:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்காட்சிக்காக இரண்டு நில மாதிரிகள் செய்கிறார்கள். ஒன்று கல்லணையிலிருந்து பூம்புகார் வரை. இன்னொன்று சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் ரோன் ஆறு பிறக்கும் கோம்ஸ் மாவட்டம். காவிரி சுமார் 800 கி.மீ., ரோன் 812 கி.மீ. ஏறக்குறைய ஒரே நீளம். ஒன்றின் தலையையும் இன்னொன்றின் காலையும் அருகருகே வைத்துக் காட்ட ஆசை.

கோம்ஸ் மாதிரியை எந்த அளவில் செய்வது? அங்கே ஊர்கள், மக்கள், பிழைப்பு பற்றி அட்டையில் என்ன எழுதலாம்? நம்ம பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒப்பிட எது சரியாக இருக்கும்?

குடமுருட்டி:

அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாதிரி கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

கோம்ஸின் மேல் முனையான ஃபுர்கா கணவாயிலிருந்து கீழ் முனையிலுள்ள லாக்ஸ் ஊர் வரை நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. 1:50,000 அளவு எடுத்தால் 60 செ.மீ. பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து கிடப்பதாலும், பக்கத்துப் பள்ளத்தாக்குகளையும் சேர்க்க வேண்டியிருப்பதாலும் 75-க்கு 75 செ.மீ. பலகை தேவைப்படும். சுவிட்சர்லாந்தின் அரசு வரைபட நிறுவனமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1:50,000 தாளில் 20 மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு. 800 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு பத்தாவது கோட்டையும் எடுங்கள். 200 மீட்டருக்கு ஓர் அடுக்கு. மாவட்டத்தின் உச்சி ஃபின்ஸ்டரார்ஹார்ன், 4,274 மீட்டர். ஆக 17 அடுக்கு வரும்.

ஓர் அடுக்குக்குக் கணக்குப்படி 4 மி.மீ. கடையில் எளிதாகக் கிடைப்பது 5 மி.மீ. சன்போர்டு. அதையே வையுங்கள், உயரம் 1.25 மடங்கு ஆகும், அவ்வளவுதான். அதைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

தவறு நடக்கிற இடங்கள்: அச்சுக் கடையில் 'தாளுக்குப் பொருத்து' என்று போட்டுவிட்டால் அளவு சுருங்கிவிடும். வரைபடத்தின் 1 கி.மீ. கட்டம் தாளில் சரியாக 2 செ.மீ. இருக்கிறதா என்று அடிக்கோல் வைத்துப் பாருங்கள். அடுத்தது நீலக் கோடுகள். அந்த வரைபடத்தில் பனியாற்றின் மேல் ஓடும் சமவுயரக் கோடும் நீலம்தான். பிள்ளைகள் அதை ஓடை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மலை உச்சியில் ஓட்டை விழுந்துவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். ஒவ்வோர் அடுக்கிலும் புத்தகப் பாரம் வைத்து இரவு முழுக்க விடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். படிகளைக் காகிதக் கூழால் நிரவி, நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம்.

இதே 1:50,000 அளவில் நம்ம டெல்டா வராது. கல்லணையிலிருந்து பூம்புகார் நேர்கோட்டில் 115 கி.மீ.க்கு மேல், மேசை போதாது. அதை 1:1,00,000-ல் செய்யுங்கள். கல்லணை கடல்மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் மேலே. அந்த அளவில் அது வெறும் 0.6 மி.மீ.! ஓர் அட்டைத் தடிமன்கூட இல்லை. அதனால் 10 மீட்டருக்கு 5 மி.மீ. வைத்து ஆறு அடுக்கு. இங்கே உயரம் 50 மடங்கு. ஒரு பலகையில் 1.25, இன்னொன்றில் 50 என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். டெல்டா என்றால் என்ன என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

வெண்ணாறு:

முதலில் 'மாவட்டம்' என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுங்கள். கோம்ஸின் பரப்பு சுமார் 587 சதுர கி.மீ., நம்ம மயிலாடுதுறை மாவட்டத்தில் பாதி. மயிலாடுதுறையில் 9 லட்சத்துக்கு மேல் மக்கள். கோம்ஸில் 5,000 பேர்கூட இல்லை. நம்ம பக்கத்துப் பெரிய ஊராட்சி ஒன்றின் மக்கள்தொகைதான் அந்த முழு மாவட்டத்துக்கும்.

உள்ளாட்சிகள் எட்டு: ஓபர்கோம்ஸ், கோம்ஸ், பெல்வால்ட், ஃபீஷர்டால், ஃபீஷ், லாக்ஸ், எர்னன், பின். இங்கே ஒரு குழப்பம் வரும். மாவட்டத்தின் பெயரும் கோம்ஸ், அதற்குள் ஓர் உள்ளாட்சியின் பெயரும் கோம்ஸ். மூன்ஸ்டர், ரெக்கிங்கன், நீடர்வால்ட் முதலான ஊர்களை ஒன்றாக்கி 2017-ல் உருவாக்கியது அது. ஓபர்கோம்ஸும் இதே போல 2009-ல் சில ஊர்களை இணைத்து உருவானது. பழைய பட்டியலில் உள்ளாட்சிகள் அதிகமாக இருந்தால் இதுதான் காரணம்.

ஊர்ப் புள்ளிகளை இஷ்டத்துக்கு வைத்துவிடாதீர்கள். ஓபர்வால்டிலிருந்து நீடர்வால்ட் வரை ஊர்கள் பெரும்பாலும் ஆற்றின் வலக்கரையில் வரிசையாக இருக்கும். தெற்குப் பார்த்த சரிவு அது. குளிர்கால வெயில் அங்கேதான் விழும். நம்ம ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் குடியிருப்பது போல, அவர்கள் பனிச்சரிவு இறங்கும் தடத்தை விட்டு விலகிக் குடியிருக்கிறார்கள். ஊருக்கு மேலே இருக்கிற காட்டை வெட்டவே மாட்டார்கள். அந்தக் காடுதான் அணை. அப்படியும் 1970 பிப்ரவரி 24 அன்று ரெக்கிங்கனில் பனிச்சரிவு 30 பேரைக் கொன்றது. அந்த ஊரை மாதிரியில் கட்டாயம் குறியுங்கள்.

வீடுகள் லார்ச் மரத்தாலானவை, வெயில் பட்டுப் பட்டுக் கருத்தவை. ஓபர்கெஸ்டெலன் மட்டும் கல்வீட்டு ஊர்; 1868-ல் தீப்பிடித்து அழிந்தபின் கல்லில் கட்டினார்கள். தானியத்துக்கு நம்ம பத்தாயம் போல 'ஷ்டாடெல்' என்று தனிக் கட்டடம். கால்கள் மேல் நிற்கும். காலுக்கும் தளத்துக்கும் நடுவே வட்டமான தட்டைக் கல். எலி காலில் ஏறினாலும் அந்தக் கல்லின் விளிம்பைத் தாண்ட முடியாது. ஐஸ்குச்சியும் சட்டைப் பொத்தானும் வைத்துத் தனியாக ஒன்று செய்யலாம், பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள்.

பேச்சு ஜெர்மன், அதிலும் வால்சர் எனப்படும் மிகப் பழைய மலைவழக்கு. 'சுவிட்சர்லாந்தில் வலே என்றால் பிரெஞ்சு' என்று எழுதினால் பாதிதான் சரி. மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குத்தான் அது பொருந்தும். இடைக்காலத்தில் இந்த மேல் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பிய வால்சர் மக்கள் கணவாய்களைத் தாண்டி இத்தாலி, கிராவ்புண்டன், லீக்டன்ஸ்டைன் வரை குடியேறினார்கள். இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில் போஸ்கோ குரின் என்ற ஒரே ஒரு ஜெர்மன் ஊர் இருப்பது அதனால்தான்.

பிழைப்பு: முன்பு குளிர் தாங்கும் 'ரை' தானியம், இப்போது புல்லும் மாடும் பாற்கட்டியும், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வருகிறவர்களும். உலகப் புகழ்பெற்ற ஹோட்டல்காரர் சேசர் ரிட்ஸ் 1850-ல் நீடர்வால்டில் பிறந்தவர். ரெக்கிங்கனில் தேவாலய ஆர்கன் செய்வோரும் மணி வார்ப்போரும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைமடை:

ஒப்பிடுவதற்கு என்னைக் கேட்டால் தண்ணீரின் காலம்தான். மேல் ரோனில் தண்ணீர் பெருகுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பனி உருகுவதால். குளிர்காலத்தில் ஆறு மெலிந்துவிடும். நமக்கும் ஆடிப்பெருக்கு அந்த நேரத்தில்தான். ஆனால் காரணம் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அங்கே வெயில் கொண்டுவருவதை இங்கே மழை கொண்டுவருகிறது. ஐப்பசி கார்த்திகை மழை அவர்கள் கணக்கிலேயே இல்லை. இரண்டு ஆறுகளுக்கும் பன்னிரண்டு மாதப் பட்டை ஒன்று வரைந்து மேலும் கீழுமாக ஒட்டுங்கள்.

சரிவையும் எழுதுங்கள். ரோன் பனியாற்றுக்குக் கீழே இருக்கிற க்ளெட்ஷ் 1,759 மீட்டர். அங்கிருந்து நாலைந்து கி.மீ.க்குள் ஓபர்வால்டுக்குச் சுமார் 390 மீட்டர் இறங்குகிறது. பிறகு நீடர்வால்ட் வரை பதினாறு பதினேழு கி.மீ.க்கு 120 மீட்டர்தான். இந்தத் தட்டையான பகுதியை மாதிரியில் பள்ளமாக வெட்டிவிடாதீர்கள். அதுதான் அவர்களுடைய வயல். நம்ம பக்கம் கி.மீ.க்கு அரை மீட்டர்.

ரோன் பனியாற்றை வரையும்போது பழைய ஓவியங்களைப் பார்த்து க்ளெட்ஷ் வரை வெள்ளையடித்துவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வரை இருந்தது. இப்போது பாறைப்படிக்கு மேலேயே நின்றுவிட்டது, முன்னால் ஓர் ஏரி. ஃபீஷ் மக்கள் 1678-ல், அலெட்ச் பனியாறு வளர்ந்து தங்களை அழிக்கக் கூடாது என்று நேர்ந்துகொண்டவர்கள். 2010-ல் போப்பிடம் அனுமதி வாங்கி அந்த வேண்டுதலையே மாற்றினார்கள்: இப்போது பனியாறு கரையக் கூடாது என்று பிரார்த்தனை. மழைக்கஞ்சி காய்ச்சும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது மனதில் நிற்கும்.

முறைப்பாசனத்தைக் காட்ட ஆசைப்பட்டால் கோம்ஸை விட்டுக் கீழே இறங்க வேண்டும். விஸ்ப், ராரோன், லாயிக் மாவட்டங்கள் மழைமறைவு. அங்கே பனிநீரைப் பாறைச் சுவரில் மரத்தொட்டி தொங்கவிட்டுக் கொண்டுவரும் வாய்க்கால்களுக்கு 'சுவோனன்' என்று பெயர். யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதை அந்தக் காலத்தில் மரக்கட்டையில் வெட்டிவைப்பார்கள். பராமரிப்பு ஊர்க்கூட்டு வேலை, அப்படியே குடிமராமத்து. வாய்க்காலில் சின்னச் சக்கரமும் சம்மட்டியும் இருக்கும். தண்ணீர் ஓடும்வரை அது தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு என்று காவலாளி ஓடுவார். நம்ம லஸ்கர் வேலைதான்.

அரசலாறு:

மிக்க நன்றி. 50 மடங்கு விஷயம் தோன்றவே இல்லை. இரண்டு பலகைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதில் ஏதாவது வைக்கலாமா?

கடைமடை:

ரோனின் கடைசிப் பகுதியை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பிரான்சில் ஆர்ல் நகரத்தருகே ரோன் பெரிய ரோன், சின்ன ரோன் என்று இரண்டாகப் பிரிகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது போல. நடுவே கமார்க் டெல்டா. அங்கேயும் நெல் விளைகிறது, உப்பளம் இருக்கிறது, பூநாரை வருகிறது. பக்கத்தில் வேதாரண்யமும் கோடியக்கரையும் குறியுங்கள். ஆற்றின் பெயரை எழுதும்போது கோம்ஸ் பலகையில் 'ரொட்டன்' என்றும் போடுங்கள். மேல் பள்ளத்தாக்கு ஜெர்மனில் அதுதான் பெயர், அதுவும் ஆண்பால். பொன்னிக்குப் பக்கத்தில் அதை வைக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள்.