போரை ஏற்காத ஒருவர், போரில் மடிந்தவருக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது?

கேள்வி

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். முதல் உலகப்போர் பாடம் முடிந்த அன்று மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தப் போரே தேவையற்றது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் அதில் இறந்தவர்கள் எல்லாரும் வீணாகத்தானே இறந்தார்கள்? அவர்களுக்கு எதற்கு நினைவுச் சின்னம்?" என்று கேட்டாள். அவள் வீம்புக்காகக் கேட்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதே வகுப்பில், படைப்பணியில் இருந்த தந்தையை இழந்த மாணவன் ஒருவனும் இருக்கிறான். அவள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, புத்தகத்தின் ஓரத்தை மடிப்பதும் நீவிவிடுவதுமாக இருந்தான். நான் விடை சொல்லும் முன்பே மணி அடித்துவிட்டது.

ஒரு காலத்தில் போர்ப் பிரகடனத்தைக் கேட்டுத் தெருவில் கூடி ஆரவாரம் செய்த சமூகங்கள், இன்று போரை ஐயத்தோடுதான் பார்க்கின்றன. இந்த மாற்றம் நல்லது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால், போரைப் புகழாமல் வீரரை மட்டும் போற்றுவது உண்மையிலேயே இயலுமா? அந்த இருவர் முன்னிலையிலும் சொல்லக்கூடிய விடை ஒன்று எனக்கு வேண்டும்.

முதல் பதில்

இயலும். அதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர். அந்தப் போரைக் குறித்து அமெரிக்கச் சமூகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் மீதிருந்த கசப்பு, கட்டாய ஆள்சேர்ப்பில் அனுப்பப்பட்ட இளைஞர்கள் மீதும் படிந்தது. திரும்பி வந்த பலருக்கு வரவேற்பு என்று எதுவும் இருக்கவில்லை. நினைவகத்துக்கான வடிவமைப்புப் போட்டியை 1980-ல் அறிவித்தவர்கள் முக்கியமான இரண்டு விதிகளை வைத்தார்கள்: போரைப் பற்றி எந்த அரசியல் கருத்தையும் அது சொல்லக்கூடாது; இறந்தவர், காணாமற்போனவர் அனைவரின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். வந்து சேர்ந்த 1,421 வடிவங்களில், 21 வயது மாணவி மாயா லின் அனுப்பியது தேர்வாயிற்று.

தரைக்குள் இறங்கிச் செல்லும் கறுப்புக் கருங்கல் சுவர். அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி குறிப்பிடப்படவில்லை, அகர வரிசையும் இல்லை, இறந்த நாளின் வரிசையிலேயே பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே நாளில் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் கல்லிலும் அருகருகே இருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் சிறு வைர வடிவம் இருந்தால் இறப்பு உறுதி செய்யப்பட்டது என்று பொருள். சிலுவைக் குறி இருந்தால் அவர் காணாமற்போனவர். உறவினர்கள் கல்லின் மேல் தாளை விரித்து, பென்சிலால் தேய்த்து, பெயரின் தடத்தை எடுத்துச் செல்கிறார்கள். கல் பளபளப்பாக இருப்பதால், தேய்ப்பவரின் முகம் பெயர்களுக்கு நடுவே தெரிகிறது.

தொடக்கத்தில் இது வீரர்களை அவமதிக்கும் சின்னம் என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. 1982-ல் சுவர் திறக்கப்பட்டபின், 1984-ல் மூன்று வீரர்களின் சிலையும் அருகில் சேர்க்கப்பட்டது. ஆயினும் மக்கள் கைவைத்து அழுவது சுவரில்தான். போரை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அங்கே ஒன்றாக நிற்க முடிகிறது. உங்கள் மாணவிக்கு இதையே காட்டுங்கள்.

இரண்டாம் பதில்

நான் அறிஞன் அல்லன். படைப்பணியில் அண்ணனை இழந்தவன். நினைவு நாள் கூட்டங்களில் அவரை வீரத் திருமகன் என்பார்கள். குறை சொல்லவில்லை, அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லில் என் அண்ணன் இல்லை. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். சைக்கிள் சங்கிலி கழன்றால், கையில் எண்ணெய் படாமல் ஒரு குச்சியாலேயே மாட்டிவிடுவார். அவரைப் பற்றி யாராவது இப்படி ஒன்றைக் கேட்க மாட்டார்களா என்று என் அம்மா பல ஆண்டுகள் காத்திருந்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். வகுப்பில் பேசுவதற்கு முன், அந்தப் பையனைத் தனியே அழைத்து, அப்பாவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் பதில்

முதல் பதிலை எழுதியவரோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் பெயர்ப் பட்டியல் இயல்பாகவே நடுநிலையானது என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் அமைந்தபோது, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கையை ஏற்றது. அதற்கு முன்பெல்லாம் சிலை தளபதிக்கு, பொதுக்குழி சிப்பாய்க்கு என்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்ததால், இது மிகப் பெரிய மாற்றம்தான். குடும்பத்தார் விரும்பினால் கல்லின் அடியில் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம் சேர்க்கலாம் என்றும் இடமளித்தார்கள். ஒரு மகனைப் பற்றி 66 எழுத்துகளில் என்ன எழுதுவது என்று எத்தனை வீடுகளில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்!

ஆனால் அந்தச் சமத்துவம் எல்லாரையும் எட்டவில்லை. அதே ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடுபட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. அவர்களில் மிகுதியானோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். பலர் துப்பாக்கி ஏந்தாமல் மூட்டை சுமந்தவர்கள். இன்னொரு சாராருக்கும் நெடுங்காலம் மரியாதை மறுக்கப்பட்டிருந்தது. போர்முனையில் ஓடியதாகவும் கோழைத்தனம் காட்டியதாகவும் தம் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படைவீரர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் சிலராவது குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் மனம் சிதைந்தவர்கள் என்பதை இன்று ஏற்கிறோம். யாரை நினைவில் வைப்பது என்பதை மாற்றுவதும் போரைப் பற்றிய பார்வை மாறுவதன் ஒரு பகுதியே.

நான்காம் பதில்

'வீண்' என்ற சொல்லை நேராகவே எதிர்கொள்ளுங்கள். ஜெர்மன் கலைஞர் கேத்தே கொல்விட்ஸின் இளைய மகன் பீட்டர், 1914-ல் தானே முன்வந்து படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. தந்தை மறுத்தார், அவரை இணங்க வைத்தவர் கேத்தேதான். அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். அவனுக்காக ஒரு நினைவுச் சின்னம் செய்யத் தொடங்கிய அந்தத் தாய், மீண்டும் மீண்டும் கைவிட்டு, 1932-ல்தான் முடித்தார். அதில் மகனே இல்லை. தாயும் தந்தையும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள், தந்தை தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார், தாய் குனிந்திருக்கிறார். பின்னாளில் அவர் போரை அழுத்தமாக எதிர்த்தார். மகனை நேசிப்பதை நிறுத்திவிட்டா எதிர்த்தார்? இறந்தவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டான். அது எதற்காகக் கேட்கப்பட்டது என்பதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் அனுப்பியவர்களும், அனுப்பச் சம்மதித்தவர்களும்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை அந்த மாணவனிடம் தனியே கேட்டேன். வகுப்பில் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்றான். ஆனால் கொல்விட்ஸின் சிற்பப் படத்தை என் கைப்பேசியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தந்தை ஏன் யார் கையையும் பிடித்துக்கொள்ளவில்லை என்று கேட்டான். அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்கலாமா என்றேன். தன் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள் என்றான். திங்கட்கிழமை அந்தப் படத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.